மைதானத்துக்காகச் சாயிரா பானு எழுந்து நின்ற நாள்

சாயிரா பானு அந்த மைதானத்துக்குள் முதன்முதலில் கால் வைத்தது சர்க்கரை நோய்க்காக. கோவையில் உக்கடம் தாண்டி, நெருக்கியடித்த வீடுகளுக்கு நடுவே அது ஒன்றுதான் வெட்டவெளி. பர்தாவோடு தனியாகச் சுற்றிவந்தவளை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் நிற்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ரூபினா வந்தாள், அடுத்த தெரு பங்காரம்மா வந்தாள். நடக்க வந்தவர்கள் வலை கட்டி எறிபந்து ஆட ஆரம்பித்தார்கள். இந்த வயதில் இப்படிக் கத்திச் சிரிக்க வருமென்று சாயிராவுக்கே தெரியாது.

அவள் கணவர் அப்துல் வஹீது மைதானத்து வாசலில் தள்ளுவண்டியில் டீ விற்றார். மாநகராட்சி மைதானத்தைப் புதுப்பிக்கப்போகும் செய்தி அங்கேதான் முதலில் அடிபட்டது. செயற்கைப் புல், சுற்றிலும் கம்பிவேலி, மணிக்கணக்கில் வாடகை. முன்பக்கம் வரும் கடைகளில் ஒன்று வஹீதுக்கு என்று ஒப்பந்தக்காரரின் ஆள் வாக்குக் கொடுத்திருந்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது வஹீது சொன்னார்: "போய்ட்டு வா, வேண்டாங்கல. வாயை மட்டும் தொறந்துபோடாத. எத்தனை வருஷமா வெயில்ல நிக்கறேன்னு உனக்குத் தெரியும்."

அவள் தலையாட்டிவிட்டுத்தான் போனாள்.

பெண்கள் எங்கே ஆடுவது என்று பங்காரம்மா கேட்டதற்கு, "போன்ல புக் பண்ணிக்கலாம்மா" என்று சிரித்தார் அதிகாரி. சாயிரா எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, புல்லு போடுங்க, லைட்டு போடுங்க. ஆனா காசு கட்டித்தான் உள்ள வரணும்னா, ஊட்டுல மொதல்ல நிறுத்தறது எங்களைத்தானுங்க. பையனுக்குக் கட்டுவாங்க. பொம்பளைக்கு யாருங்க கட்டுவாங்க?"

கூட்டம் கைதட்டியது. பின்னாலேயே வந்திருந்த வஹீது கடைசி வரிசையில் கைதட்டாமல் நின்றிருந்தார்.

வேலை நின்றுவிடவில்லை. வேலிக்கு வெளியே, மதிலோரமாகக் கட்டணமில்லாத நடைபாதை மட்டும் கிடைத்தது. எறிபந்துக்கு இடமில்லை. கடை வேறு யாருக்கோ போயிற்று. வஹீதின் வண்டியையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"என்னாலதானுங்களா?" என்று கேட்டாள்.

"நீ சொன்னது பொய்யில்ல" என்றார் அவர். "நாளைக்கு அடுப்பை எங்க வெக்கறதுன்னும் நீயே சொல்லு."



இப்போது வண்டி பஸ் ஸ்டாப் அருகே நிற்கிறது. போலீஸ் வந்தால் நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். காலையில் சாயிராவும் கூடப் போகிறாள். நடைபாதைக்குப் போகும் வழியில் ரூபினா தினமும் நின்று கூப்பிடுகிறாள்.

"நீ போ, நாளைக்கு வாரேன்" என்று டம்ளர் கழுவியபடியே சொல்கிறாள் சாயிரா.