பன்னிரண்டாவது கோடு

என் கணவர் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓடுகிற இன்ஜினின் பெல்ட்டில் இடது கை சிக்கியது. விரல்கள் பிழைத்தன. ஆனால் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டார். கிட்டாரை மட்டும் உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டார். நான் அதைத் தூசி தட்டினால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

போன வருஷம் ஒருநாள் அவரே அதை இறக்கி, கம்பிகளையும் அவற்றை முறுக்கும் கீகளையும் கழற்ற ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

“இன்னாங்க பண்றீங்க?”

“மடியில படுக்கவெச்சி வாசிக்கிற கிட்டார் ஒண்ணு செய்யப் போறேன். அதுல கம்பிய அழுத்த வேணாம். மேல ஒரு இரும்ப வெச்சி நகத்துனா போதும்.”

வீட்டில் கிடந்த தேக்குப் பலகையை நான் பிடித்துக்கொள்ள, அவர் அறுத்து இழைத்தார். கம்பி மேல் நகர்த்த பழைய இன்ஜினிலிருந்து பிஸ்டன் பின் என்ற இரும்பு உருளை ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். கம்பியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் மட்டும் கடையில் வாங்கினோம்.

கோடு போடும் வேலை எனக்கு வந்தது. இந்தக் கிட்டாரில் இரும்பை எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குக் காட்டக் கோடுகள் வேண்டும். நான் உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைப்பவள். “கோடு போட உன்ன உட்டா யாரு?” என்றார்.

கம்பி ஓடவேண்டிய நீளத்தை இரும்பு ஸ்கேலால் அளந்து, ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பதினேழு புள்ளி எட்டு சொச்சத்தால் வகுத்தால் முதல் கோடு. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது கோடு சரிபாதியில், இருபத்தொன்பதில் விழவேண்டும். போனில் கணக்குப் போட்டு, என் டேப்பை வைத்து, பேனாவால் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தேன்.

அவர் கம்பிகளை மாட்டினார். பன்னிரண்டாவது கோட்டுக்கு மேலே, மடங்காத அந்த நடுவிரலைக் கம்பியில் பட்டும் படாமலும் வைத்து வலது கையால் மீட்டினார். சரியான பாதியில் தொட்டால் மணி மாதிரி ஒலிக்குமாம். மொத்தென்று ஒரு சத்தம் வந்தது. விரலைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினார். கணீரென்றது.

இரண்டு வருஷமாக அவர் பேண்ட் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த விரல் அது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கோடு நாலு மில்லி தள்ளிப் போயிருக்கு” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் கோடு தப்பாவாது. ரெண்டு வருஷமா வாசிக்கல இல்ல, உங்க காதுதான் மறந்திருக்கும்.”

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் போய் இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து என் டேப் பக்கத்தில் வைத்தார். பல வருஷம் இழுபட்ட துணி டேப். இருபத்தொன்பதில் நாலு மில்லி நீண்டிருந்தது.

“தப்பா பேசிட்டேங்க” என்றேன்.

“அது கெடக்கட்டும். இத்தினி வருஷமா ஊருக்கே லூசாத்தான் ஜாக்கெட் தச்சியா?”

“அளவெடுத்ததும் இதே டேப்பு, வெட்டுனதும் இதே டேப்பு. ஒருத்தரும் குறை சொன்னதில்ல.”

வெகுநாள் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

உப்புத்தாளால் எல்லாக் கோட்டையும் அழித்தோம். இந்தமுறை இரும்பு ஸ்கேலில் அவர் அளவு சொல்ல, நான் கத்திமுனையால் கீறி வெள்ளை பெயிண்ட் தீட்டினேன். முதல் மாசம் பூனை அழுவதுபோல் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பாட்டு வந்தது.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, பாடகர் குழுவின் கடைசி நாற்காலியில் அதை மடியில் வைத்து உட்கார்ந்தார். காணிக்கைப் பாட்டில் ஓரிடத்தில் இரும்பு கோட்டைத் தாண்டி ஓடியது. எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். பின்னாலிருந்து காதருகே கேட்டார்.

“அந்த ஒரு எடத்துல சுதி ஏறிடுச்சு இல்ல?”

“எங்க? நான் கவனிக்கலியே.”

“ஏறிடுச்சு. அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்.”