முதலில் ஏற்றும் பெயர்

மன்னாரில் ஒரு கந்தோரில் மீனவர் விவரங்களைக் கிளவுட் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலையில் என்னோடு ஓர் அக்கா இருந்தார். ஒடிசலான உருவம், மின்விசிறிக்கு நேரே இருந்தாலும் கழுத்து வியர்த்துக்கொண்டே இருக்கும்.

புதுக் கணினியில் மென்பொருள்களை நிறுவியதும், இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, நாங்களெல்லாம் வாய்க்கு வந்த ஒரு பெயரை ஏற்றிப் பிறகு அழித்துவிடுவோம். அவர் மட்டும் எப்போதும் ஒரே ஆணின் பெயரைத்தான் போடுவார். ஒரு வருடம் அதன் பக்கத்தில் வயது முப்பத்தைந்து என்றிருந்தது. அடுத்த வருடம், இன்னொரு கணினியில், முப்பத்தாறு.

"ஆர் அக்கா இது?" என்று அன்று கேட்டுவிட்டேன்.

"தம்பி. சண்டை முடியேக்க அவனை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. பிறகு ஒரு கதையும் இல்லை."

"அப்ப வயசை ஏன் மாத்திறியள்?"

முட்டாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அவனுக்கும் வயசு ஏறும்தானே."

இணைப்பு சரியாக இருந்தது, பெயர் ஏறிவிட்டது. மீனவர் விவரங்களை ஏற்றுமுன் அதை நீக்க வேண்டும். அவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"அழிக்கிறதை நீங்கள் செய்யுங்கோ. நான் தண்ணி குடிச்சிட்டு வாறன்."

ஒவ்வொரு முறையும் யாரிடமாவது இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவார் என்பது அப்போதுதான் உறைத்தது.

நீக்கினேன். ஒரு பதிவு நீக்கப்பட்டது என்று திரையில் வந்தது. அவர் வருமுன் அந்த வரியை மறைத்தேன்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்க்காமலே கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

முதல் மீனவரின் படிவத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.