ஆபிதா ஸ்டோரில் சொல்லாத சொல்

"சீனி இருக்கா?" என்று கேட்டால் நெய்னா முகமது, "நல்ல கருப்பட்டி வந்திருக்கு" என்பார். "மிளகா?" என்றால், "மல்லி மணக்குது, மோந்து பாருங்க" என்று ஒரு கை அள்ளி மூக்கருகே நீட்டுவார். கோட்டைப்பட்டினத்துக்குப் புதிதாக வருபவர்கள் அவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். காது நன்றாகவே கேட்கும். கடைக்குள் நின்று 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது வியாபாரிகளின் வழக்கம். மற்ற கடைக்காரர்கள் அதை முடிந்த மட்டும் பார்க்கிறார்கள். இவர் முழுக்கப் பார்க்கிறார்.

இந்த வழக்கம் சரக்கோடு நிற்பதில்லை. "உங்க மச்சான் ஊர்ல இருக்காரா?" என்று ஒருவர் கேட்டார். "அவரு தம்பி இருக்காரு" என்றார். மச்சான் ஊரில் இல்லை என்று கேட்டவர் புரிந்துகொள்ள வேண்டும். விலையைக் குறைக்கச் சொன்னால் முகட்டைப் பார்ப்பார். வாங்க வந்தவரும் கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துவிட்டுச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஊரார் மரைக்கார் என்று கூப்பிடும் ஒல்லியான ஆள். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. தராசுத் தட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே பேசுவார். துடைத்துத் துடைத்து அந்தத் தட்டின் எடை குறைந்து, அதன் அடியில் புளி ஒட்டிச் சமன் செய்ய வேண்டியிருக்கிறது.

கடை, மனைவி ஆபிதா பீவியின் நகையில் வந்தது. அதனால் பலகையிலும் லைசென்சிலும் அவர் பெயர்தான். கடையின் பின்பாதியில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து ஆபிதா பொட்டலம் கட்டுவார். ஏதாவது சரக்குத் தீர்ந்தால் அவரும் வாயால் சொல்லமாட்டார். காலித் தகரத்தைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் முன்னால் இவர் சீனியிலிருந்து கருப்பட்டிக்கு மாறிவிடுவார். வாடிக்கைக்காரர்களுக்கும் அந்தத் தட்டு பழகிவிட்டது. கேட்டதும் சிலர் பையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருடம் ஆவணியில் ஆபிதா காய்ச்சலில் போனார். கார்த்திகையில் புயல் வந்தது. காற்று திசை மாறியதும் ஓடு பறந்தது. பிறகு கடல் முன்வாசலால் வந்து பின்வாசலால் போனது. அரிசி மூட்டை, பருப்பு, உப்பு எல்லாம் அதோடு போயின. தண்ணீர் வடிந்தபின் நெய்னா முகமது முதலில் வாங்கியது அரிசியல்ல, திரைத்துணி. நீலத்தில் வெள்ளைப் புள்ளி, முன்பு கிடந்த அதே தினுசு.

சரக்கில் பாதிக்கு மேல் இழந்த கடைகளுக்கு அந்த வருட விற்பனை வரி தள்ளுபடி என்று உத்தரவு வந்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். கடைக்காரர் இழப்பைத் தம் வாயால் சொல்ல வேண்டும். தள்ளுபடி கிடைக்காவிட்டால், புயலுக்கு முன் விற்றதற்கெல்லாம் வரி கட்ட, மிஞ்சியிருக்கும் தராசையும் இடத்தையும் விற்பது தவிர வழியில்லை. இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அதிகாரி வருகிறார் என்றதும் கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார். காலித் தகரங்களை வெளிப்பக்கம் பளபளவென்று தேய்த்து, மூடி போட்டு, வரிசையாக அடுக்கினார். வெறுங்கடையை விருந்தாளிக்குக் காட்டுவது மரியாதையில்லையாம்.

அதிகாரி சவரியப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அடுக்கைப் பார்த்தார்.

"என்ன பாய், கடை நெறைஞ்சிருக்கே?"

"அல்லா காப்பாத்துறான்" என்றார் நெய்னா முகமது, பழக்கத்தில்.

"அரிசி?"

"இருக்குங்க."

"எங்க?"

"கடல்ல."

"பருப்பு?"

"அதுவும் அங்கிட்டுத்தான்."

சவரியப்பன் பேனாவை மூடினார். "இருக்குன்னு நீங்க சொன்னா, இருக்குன்னுதான் நான் எழுத முடியும். அப்புறம் தள்ளுபடி எப்படிக் கெடைக்கும்?"

கடை வாசலில் மீன் விற்கும் காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "மரைக்காரே, கடலு வந்து அள்ளிக்கிட்டுப் போயிருக்கு, அதுக்கும் பரிஞ்சு பேசுறீகளே! ஐயா, அந்தத் தகரத்தைத் தொறந்து பாருங்க."

சவரியப்பன் ஒன்றைத் திறந்தார். அடியில் ஒரு பிடி ஈர மணல். மணலிலிருந்து ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"இது என்ன சரக்கு?"

நெய்னா முகமது எட்டிப் பார்த்தார். "புதுசா வந்திருக்குங்க."

காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாய், நண்டைப் பாத்தது நான். சொல்ல வேண்டியது நீங்க. ஒரே ஒரு வார்த்தை" என்றார்.

நெய்னா முகமது முகட்டைப் பார்த்தார். தராசைத் துடைத்தார். துடைத்த துண்டையும் உதறி மடித்தார். பிறகு ஏதோ தோன்றியவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தார். கடைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றார்.

"இங்கிட்டு வந்து கேளுங்க" என்றார்.

சவரியப்பன் இறங்கி வந்தார். "அரிசி?"

"இல்ல."

தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கடையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"பருப்பு?"

"இல்ல!"

"உப்பு, புளி, சீனி?"

"இல்ல, இல்ல, இல்ல!" குரல் ஏறிக்கொண்டே போனது. பல வருடம் அடைத்து வைத்த மடையைத் திறந்தாற்போல இருந்தது. கூட்டம் கூடிவிட்டது. "மரைக்காரே, சோப்பு?" என்றது ஒரு குரல். "இல்ல!" "மண்ணெண்ணெய்?" "இல்ல!" "பட்டுச்சேலை?" "அது எந்தக் காலத்துலயும் இல்ல!"

"பட்டுச்சேலைய எழுத வேணாம்" என்று சவரியப்பன் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு எழுதினார்.

காத்தாயி, "நான் போன வருசம் கேட்டேனே, அந்த வெல்லக்கட்டி?" என்றாள்.

"அன்னிக்கே இல்ல ஆத்தா!"

தெரு சிரித்தது. நெய்னா முகமதுவும் சிரித்தார். ஆவணிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

சவரியப்பன் தாளைத் திருப்பினார். "முடிஞ்சது பாய், தள்ளுபடிக்கு எழுதிடலாம். இன்னும் ஒண்ணே ஒண்ணு. லைசென்சு ஆபிதா பீவி பேர்ல இருக்கு. அவங்க இருக்காங்களா?"

சிரிப்பு அப்படியே நின்றது. நெய்னா முகமது தெருவில்தான் நின்றுகொண்டிருந்தார், அந்தச் சொல்லைச் சொல்லத் தடையில்லாத இடம். இருந்தும் செருப்பைக் கழற்றினார். காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். படியேறிக் கடைக்குள் போனார்.

சவரியப்பன் காத்தாயியைப் பார்த்தார். அவள் பள்ளிவாசல் பக்கம், அடக்கத்தலம் இருக்கும் திசையில் கையைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து, தாமாகவே எழுதி முடித்தார்.

"எழுதியாச்சு பாய். உத்தரவு வந்துடும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

நெய்னா முகமது அங்கே நீலத் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். கடற்காற்றில் அதன் ஓரம் விலகியிருந்தது. தெருவிலிருந்து யாரும் உள்ளே பார்த்துவிடாதபடி, அதை இழுத்துச் சரியாக மூடினார்.