கஞ்சிக்கோட்டுக்குப் போன அழைப்புகள்

என் மகனோடு நான் பேசி இருபது நாளாகிறது. கோபம் தீரவில்லை. தீர்ந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சித்திரபுரத்துக்கு மேலே எஸ்டேட் லயத்தில் எங்கள் வீடு. ஒரே வரிசையில் ஆறு வீடுகள். ஒரு வீட்டிலும் செல்போனுக்கு ரேஞ்சு கிடையாது, மேல் ரோட்டு வளைவுக்கு ஏறினால்தான் கிடைக்கும். மூன்று வருஷத்துக்கு முன் மகன் இன்டர்நெட் இழுத்துக் கொடுத்தான். அதோடு ஒரு போனும் வந்தது, பழைய லேண்ட்லைன் மாதிரியே மேசையில் இருந்து மணி அடிக்கும். அன்றிலிருந்து எங்கள் நம்பர் லயத்துக்கே நம்பரானது. பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பங்குக் கோயிலில், மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். பகலில் நாங்கள் கதவைப் பூட்டுவதில்லை. கிட்டே இருப்பவர் எடுப்பார், வாசலில் நின்று ஆளைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போடுவார். இதை உதவி என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தண்ணீர்க் குழாய் ஒருவர் வாசலில் இருப்பது மாதிரி, போன் எங்கள் வீட்டில் இருந்தது.

மகனுக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. எலப்புள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். போன லீவில் வந்தவன் தன் செல்லில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு வீட்டுப் போன் அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்தால் சத்தம் கேட்டது, நான் கூப்பிட்டால் போனது. அதனால் சந்தேகம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், வேலை முடிந்து வந்து காலை நீட்டும்போது மணி அடிக்காதது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் வீட்டுக்காரிக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. சரிவில் ஏறிக் கொழுந்து எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அங்கன்வாடி ஆயா வேலைக்கு எழுதிப் போட்டாள், லிஸ்டில் பெயர் வந்தது. இந்த லிஸ்டை விட்டால் வயசு தாண்டிவிடும். இடம் காலியானால் போனில் கூப்பிடுவார்கள், மறுநாளே போய்ச் சேர வேண்டும். அவள் கொடுத்திருந்ததும் எங்கள் நம்பர்தான். தினமும் சாயங்காலம் வந்து, "அக்கா, எனக்கு எதும் வந்துச்சா?" என்பாள்.

"வந்தா கூப்பிட மாட்டனா பிள்ள" என்பேன்.

ஒருநாள், லிஸ்டில் அவளுக்கு அடுத்த பெயர்க்காரி வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அங்கன்வாடி ஆபீசுக்கு ஓடினாள். கிளார்க் நோட்டைப் புரட்டிவிட்டு, "ரண்டு வட்டம் விளிச்சு. ஒராள் எடுத்து, ராங் நம்பர்னு பறஞ்ஞு" என்றாராம். இரண்டு தடவை கூப்பிட்டும் ஓர் ஆண்தான் எடுத்து, ராங் நம்பர் என்று சொல்லியிருக்கிறான்.

திரும்பி வந்தவள் என்னைச் சந்தேகப்படவில்லை, போனைத்தான் சந்தேகப்பட்டாள். "வளைவுக்குப் போயி உங்க நம்பருக்கு அடிச்சுப் பாக்கட்டா அக்கா?" என்று ஏறிப் போனாள். நான் போனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரமாகியும் மணி அடிக்கவில்லை. இறங்கி வந்தவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"எடுத்தாச்சு அக்கா. உங்க மகன்தான் எடுத்தான்."

அந்த நிமிஷமே அவனைக் கூப்பிட்டேன்.

"ஆமாம்மா, வீட்டுக்கு வர்ற காலெல்லாம் என் செல்லுக்கு மாத்தி விட்டேன். லோன்காரன், ஓ.டி.பி. கேக்குறவன்னு எவனெவனோ உன்னய ஏமாத்தப் பாக்கான். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"மத்தவங்களுக்கு வந்ததெல்லாம் என்னலே ஆச்சு?"

"லயத்துக்கே நீ எக்சேஞ்சு நடத்துதியா? நான் மெசின்ல நிக்கேன். அந்த அக்காவக் கேட்டா இங்க இருந்து நான் எப்படிக் கூப்பிட? ராங் நம்பர்னு சொல்லி வச்சிட்டேன்."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். யாரைத் தேடி வந்தது என்று தெரிந்தே போனை வைத்திருக்கிறான்.

"உனக்கு கம்பெனியில இருந்து இன்டர்வியூக்குக் கூப்பிட்டப்ப இந்த போன எடுத்தது யாரு? நான் காட்டுல கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேன். அவதாம்லே இடுப்பப் புடிச்சுக்கிட்டு மேடேறி வந்து சொன்னா. அன்னைக்கு அவ ராங் நம்பர்னு வச்சிருந்தா நீ இன்னைக்கு எந்த மெசின்ல நிப்ப?"

ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் ஒருவனை நானே பெற்று, நானே சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

நாங்கள் எடுக்காவிட்டால் மட்டும் அவனுக்குப் போகிற மாதிரியும் வைக்கலாமாம், பிறகு விசாரித்தேன். அவன் 'எல்லா அழைப்பையும்' என்பதைத்தான் தட்டியிருக்கிறான். முப்பது வருஷம் இந்த மலையில் கொழுந்தெடுத்து அவனைப் படிக்க வைத்தவளுக்கு, அடிக்கிற போனை எடுத்து வைக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டான்.

அன்றே பழையபடி மாற்றினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு வந்து நேராக அவள் வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். அவள் அவனை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள்.

"விடுப்பா. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். வேண்டுமென்றேதான் செய்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவன் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான். கஞ்சிக்கோட்டு வெயில் பற்றி அவள் கேட்டதற்கெல்லாம் நல்லபடியாகப் பதில் சொன்னான்.

திங்கட்கிழமை எங்களை மேல் காட்டுக்கு அனுப்பினார்கள். அவள் எனக்கு முன்னால் ஏறினாள், நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு ரிட்டயராக இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.