சித்தி வெட்டி எறிந்த பள்ளங்கள்

என் சித்தி மருத்துவமனையில், இதயத் துடிப்பைக் கோடாக வரையும் ஈசிஜி எடுப்பவர். மார்பில் பசை தடவி, ஒயர்களை மாட்டி, "ஆடாம படுங்க, இது ஊசி இல்ல" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. அவர் எடுத்துத் தரும் தாளில் கோடு கொஞ்சமும் நடுங்கியிருக்காது. டாக்டர்கள் அவருக்கு 'சுத்தக்கோடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கு வானியல் ஆசை வந்ததும் ஒரு கோட்டால்தான். யாரோ விட்டுப்போன பத்திரிகையில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை வரைந்திருந்தார்கள். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தார். "இதுக்கும் துடிப்பு இருக்குடி!" அதன்பிறகு எங்கள் யாருடைய காதுக்கும் ஓய்வில்லை.

இப்போது, வானியல் தரவுகளைக் கணினியில் நாமே அலசிப் பழகும் பயிற்சிப் பட்டறை ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. கிளம்புவது நாளைக் காலை. ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் அனுப்பியிருந்த ஒரு நட்சத்திரத்தின் ஒளி அளவுகளைக் கோடாக வரைந்து, அதை ஒரு கோள் எத்தனை நாளுக்கு ஒருமுறை மறைக்கிறது என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். கோள் குறுக்கே வரும்போதெல்லாம் ஒளி குறைந்து கோட்டில் ஒரு பள்ளம் விழுமாம். சொல்லாவிட்டால் காத்திருக்கும் வேறொருவருக்கு இடம் போய்விடும்.

நான் பள்ளி முடித்துவிட்டுக் கால் தரையில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்த நேரம். சித்திக்கு உதவலாம் என்று மேல்மாடியிலிருந்து இறங்கினேன். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சித்திதான் தயாராக இல்லை.

"கோளைக் காணோம்டி."

"எங்க சித்தி போயிடும்? நல்லா பாருங்க."

"கண்ணு பூத்துப்போச்சு. இல்லவே இல்ல."

அவருடைய மடிக்கணினித் திரையில் கோடு வெட்டிவைத்த பலகை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் என் சித்தப்பா, கையில் கிரீஸோடு பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் நட்சத்திரம் செத்துப்போச்சா?"

"வாயைக் கழுவுங்க!"

"நீதானே சொல்லுவ, கோடு நேரா போனா ஆள் போயாச்சுன்னு?"

சித்தி பதிலுக்குச் சீறுவார் என்று நினைத்தேன். அவர் திரையையே பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, நான்தாங்க கொன்னுட்டேன்!"

"என்ன சித்தி சொல்றீங்க?"

"தப்பான புள்ளிகளை முதல்ல நீக்கணும்னு போட்டிருந்தாங்க. கோடு திடீர்னு கீழ விழுந்தா, எங்க வேலையில ஒயர் கழண்டிருக்குன்னு அர்த்தம். கை அது பாட்டுக்கு, கோடு விழுந்த இடத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சுடுச்சு."

"கோளையே வெட்டிட்டீங்களா?"

"ஒண்ணு விடாம!"

சித்தப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுத்தக்கோடுன்னு சும்மாவா பேரு வச்சாங்க!"

வெட்டிய பிறகு அதே கோப்பின் மேலேயே சேமித்தும் வைத்திருந்தார். தரவை முதலிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. இணையம் ஆமையாக ஊர்ந்தது. சன்னலில் வெயில் சாயச் சாய, சித்தி தன் நகத்தைத் தின்றார். அது தீர்ந்ததும் என்னைத் திட்டினார். ஒருவழியாகப் புதுக் கோடு திரையில் வந்தது. பள்ளம். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. அதே தூரத்தில் அடுத்தது.

"பாருடி! கழண்ட ஒயர் இப்படிச் சொல்லிவச்ச மாதிரி கழலுமா? அது மூணு நாளைக்கு ஒரு தரம் வருதுடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சித்தப்பாவின் கிரீஸ் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

விடையை அனுப்பினோம். தெருவிளக்கு எரியும் முன்பே பதில் வந்தது. நான் உரக்கப் படித்தேன். "உங்கள் இடம் உறுதி. வரும்போது மடிக்கணினியின் சார்ஜரை மறக்க வேண்டாம்."

"அதெல்லாம் காலையிலேயே எடுத்து வச்சாச்சு" என்றார் சித்தி, பெட்டியைத் தட்டியபடி.

சித்தப்பா சுவரைக் காட்டினார். சார்ஜர் பிளக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.