தம்பிக்குக் கொண்டுபோன பன்றிக்கறி

2025 டிசம்பர் 25, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். பெரம்பலூரில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடித் தொட்டி தெரியவில்லை, தெருவிளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காற்று இல்லை. கரி அடுப்பைக் கொல்லையில் மூட்ட அது வசதியாக இருந்தது.

அடுப்பு பற்றிக்கொண்டதும் உள்ளே போய் வீட்டின் ஒன்பது ஜன்னல்களையும் சாத்தினேன். சமையல் வெளியே நடக்கும்போது ஜன்னலைச் சாத்தி என்ன பயன் என்று ஏழாவது ஜன்னலில்தான் உறைத்தது. மீதி இரண்டையும் சாத்திவிட்டே வந்தேன். இது என் சொந்த வீடு. கட்டிப் பதினாறு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் பன்றிக்கறி சமைப்பது அன்றுதான் முதல் தடவை.

கறி தம்பிக்கு. அவன் திருமானூர் பக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறான். எனக்கு வயது எழுபத்து மூன்று, அவனுக்கு அறுபத்தேழு. நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். அரசு ஆபீஸ் உத்தியோகம் என்பதால் வீடு கிடைத்தது. கிறிஸ்தவர் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். ஊரில் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்று தம்பி இரண்டு பஸ் மாறி, தூக்குச்சட்டியைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தான். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "பன்னிக்கறிங்க, அண்ணனுக்கு" என்று சொல்லிக்கொண்டே தம்பி படியேறினான். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். "யாருக்குய்யா இது? நாங்க இதெல்லாம் சாப்பிடறதில்ல" என்றேன்.

அவன் நான்காவது படியில் நின்றான். என்னைப் பார்த்தான். துண்டை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டி, வந்த வழியே போய்விட்டான். அதற்குப் பிறகு கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொண்டதுண்டு. என் மனைவி இறந்தபோது வந்து தோள் கொடுத்தான். ஆனால் என் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

இந்த ஐப்பசியில் அவன் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. அவன் மனைவி போன் செய்தாள். "மாமா, அவங்க உங்கள வரச் சொல்லல. நாந்தான் சொல்றேன். இந்தக் கிறிஸ்மஸ்க்கு வந்துட்டுப் போங்க. கம்பு ஊனித்தான் நடக்கறாங்க." போனை வைத்ததும் இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் என்று எண்ணிப் பார்த்தேன். எந்த வழியில் எண்ணினாலும் நிறைய வரவில்லை.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரு பன்றி வாங்கிக் கூறு போடுவார்கள். எங்கள் கூறில் தொடை வந்தால் அம்மா அதைத் துண்டு போடமாட்டார். உப்பு, மிளகு, பூண்டு தேய்த்து முழுசாகச் சட்டியில் வைத்து, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுச் சுடுவார். தோல் முறுகிப் பழுப்பேறும். மேலே ஊற்ற நார்த்தம்பழச் சாறும் வெல்லமும் சேர்ந்த ஒரு ரசம். நான் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் படித்தவன். லீவுக்கு வீடு வந்து சேரும்போது கறி தட்டில் இருக்கும். அது எப்படித் தட்டுக்கு வந்தது என்று நின்று பார்த்ததில்லை.

குன்னம் போகிற வழியில் ஒரு வெண்பன்றிப் பண்ணை இருக்கிறது. முந்தின நாள் அங்கே தோலோடு ஒரு தொடை வாங்கினேன், மூன்றே கால் கிலோ. பண்ணைக்காரர், "கொழம்புக்குத் துண்டு போட்டுரவா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "முழுசாவா? வீட்ல அம்மாவுக்குக் கை வலிக்குமே, வெட்டமாட்டாங்களே." வீட்டில் அம்மா இல்லை, நான்தான் என்றேன். அவர் என் கைகளைப் பார்த்துவிட்டு பையில் போட்டுக் கொடுத்தார்.

தோலில் பதினான்கு கீறல் போட்டேன். முப்பது பல் பூண்டையும் மிளகையும் இஞ்சியையும் அரைத்து, உப்போடு கீறலுக்குள் விரலால் அழுத்தி இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் தொடையை வைத்து மூடி, கீழே கொஞ்சம் தணல், மூடிமேல் நிறையத் தணல். அரைமணிக்கு ஒருதரம் கரியை மாற்றினேன். முதல் ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. வெந்துகொண்டிருக்கிறதா, வீணாகிறதா என்று தெரியாமல் கொல்லையில் நடந்தேன். பிறகு கொழுப்பு உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரம் பத்து நிமிடம் கழித்து இறக்கினேன். தோலைத் தட்டினால் ஓசை வந்தது. கறி எலும்பை விட்டு விலகியிருந்தது.

தப்பு ரசத்தில் நடந்தது. சட்டியில் தங்கிய கொழுப்போடு பன்னிரண்டு நார்த்தம்பழத்தின் சாற்றையும் வெல்லத்தையும் சேர்த்து, கெட்டியாகட்டும் என்று இருபத்தைந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு கசப்பு. இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டேன். இனிப்பு கூடியது, கசப்பு குறையவில்லை. புதிதாகச் செய்யப் பழம் இல்லை, நேரமும் இல்லை. கறியைப் பெரிய தூக்கிலும் ரசத்தைச் சின்னத் தூக்கிலும் எடுத்துக்கொண்டு ஒன்பதே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

அரியலூரில் பஸ் மாறினேன். திருமானூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு நடுவயது அம்மா வந்து உட்கார்ந்தார், மடியில் ஒரு சேலைக்கடைப் பை. ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது தூக்கின் வாசனை மேலே வந்தது. அவர் சிரித்தபடி, "என்னங்க சார், வாசன ஆளத் தூக்குது. மட்டனா?" என்றார்.

"ஆமாங்க, மட்டன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அவர் யாரோ, நான் யாரோ. அவர் என் வீட்டுக்காரர் இல்லை, வாடகை உயர்த்தப்போவதும் இல்லை. மீதி ஒன்பது ஸ்டாப்பும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "வாங்க. உக்காருங்க" என்றான். அந்தக் காலத்தில் "வாண்ணே" என்பான். நான் தூக்குகளை அவன் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"பன்னிக்கறிப்பா. நானே செஞ்சேன்."

"யாரு சாப்பிட? நீங்கதான் இதெல்லாம் சாப்பிடறதில்லையே."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதீங்க" என்றாள் அவன் மனைவி.

"நீ சும்மா இரு. சாருகிட்ட கேக்கறேன். வூட்டு ஓனர்கிட்டச் சொல்லிட்டுத்தான வந்தீங்க?"

மன்னிப்புக் கேட்க நான் பஸ்ஸில் சில வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். அவை ஒன்றும் வரவில்லை. அன்று காலை நடந்ததுதான் வாயில் வந்தது. "பஸ்ல ஒரு அம்மா என்ன கறின்னு கேட்டாங்க. மட்டன்னு சொல்லிட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். "எப்ப?"

"இப்பத்தான். வரும்போது."

"இருவத்திரண்டு வருசமா ஒரே பாடத்தையா படிக்கிறீங்க? நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்க பயம் ரிட்டயர் ஆவலியா?"

அவன் கம்பை ஊன்றி எழுந்தான். மனைவியிடம், "நாற்காலி ரெண்டையும் ரோட்டோரமா போடு. தட்டு எடுத்தா. சாரு வெளிய உக்காந்து சாப்பிடட்டும்" என்றான்.

வாசலுக்கு முன்னால் சிமெண்ட் ரோடு. அதற்கு அந்தப் பக்கம் நெல் வயல். பகல் ஒரு மணி வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் கறியை அறுத்து இரண்டு தட்டில் வைத்து, மேலே ரசத்தை ஊற்றினாள். தம்பி தட்டைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது.

இரண்டு சைக்கிள் போயின, நிற்கவில்லை. பிறகு மேலத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர் மொபெட்டில் வந்தார். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். எங்களைச் சேர்ந்து பார்த்ததும் வண்டியை மெதுவாக்கி ஒரு காலை ஊன்றினார். "அட, அண்ணனும் தம்பியும்! பெரம்பலூர்லேருந்து எப்ப வந்தீங்க சார்? என்ன விருந்து?"

தம்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தட்டில் நான்கு துண்டுகள் இருந்தன.

"பன்னிக்கறிங்க" என்றேன். "எங்கம்மா செய்யற மாதிரி நானே செஞ்சு கொண்டாந்தேன்."

"அப்படியா? பெரியவங்க கைப்பக்குவம் விட்டுப்போகக்கூடாதுல்ல. சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். உரமூட்டை விலை ஏறிவிட்டது என்று ஒரு வார்த்தை தம்பியிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வளைவு திரும்பும்வரை சத்தம் கேட்டது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்காது.

தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இதற்காகத்தான் அவனை நான்காவது படியில் நிறுத்தினேன்.

தம்பி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"கசக்குது. சாறக் கொதிக்க வச்சியா?"

"இருவத்தஞ்சு நிமிசம்."

"போச்சு போ. அம்மா சட்டிய இறக்கி, ஆறுனப்புறம்தான் பழத்தப் புழியும். நீ எங்க பாத்த? நீ புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போயிட்ட. அடுப்புகிட்ட இருந்தவன் நானு." சொல்லிக்கொண்டே தோல் உள்ள துண்டாகப் பார்த்து இன்னொன்று எடுத்தான். "தோலு நல்லா வந்திருக்குண்ணே. அத விட்ரக்கூடாது."

அவன் மனைவி சோறு கொண்டுவந்தாள். ரசத்தைச் சோற்றில் பிசைந்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியவில்லை என்றாள். பொய்தான். இருந்தாலும் மூன்று பேரும் பிசைந்து சாப்பிட்டோம். தம்பி ஐந்து துண்டு சாப்பிட்டான். நான் எண்ணுவதை அவன் பார்த்துவிட்டான்.

"எண்றியா? எண்ணு எண்ணு. எல்லாத்துக்கும் கணக்கு எழுதி வச்சிருப்பியே, மொத்தம் எவ்வளவு செலவாச்சு?"

கறி, பழம், கரி, மளிகை, வந்த பஸ், திரும்பிப் போகும் பஸ் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருதரம் கூட்டினேன். ஆயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று ரூபாய் என்றேன்.

"இன்னிக்கி நீ போவல" என்றான். "நாளைக்குக் காலையில போ."

பஸ் டிக்கெட் நாளைக்கும் அதே விலைதான், கூட்டுத்தொகை மாறாது. ஆயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று ரூபாய்.