மணியண்ணன் கூட்டிய திசை

ஞாயிறு காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "மணியண்ணன் போயிட்டாரு சார்," என்றார் நம் விமானப் பயிற்சிப் பள்ளியின் காவலாளி. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. தோசை கருகிப்போனது.

பள்ளியில் நான் வானிலை நடத்தினேன். அவர் திசைக் கணக்கு. விமானத்தின் மூக்கிலிருந்து அளப்பது சார்புக் கோணம். மூக்கு பார்க்கும் திசையை அதோடு கூட்டினால், வடக்கிலிருந்து அளந்த உண்மைத் திசை கிடைக்கும். அவர் இதைச் சாப்பாட்டு மேசையிலும் விடமாட்டார். "தம்பி, மிளகாய்ச் சம்பால் உங்க மூக்குக்கு வலப்பக்கம் தொண்ணூறு டிகிரி," என்பார். சம்பாலே வேண்டாம் என்று எழுந்தவர்கள் உண்டு.

சுங்கை ரம்பாய்க்கு நான் பெண் பார்க்கப் போன கதை பள்ளியில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா கலங்கியிருந்தார். ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். பெரியவர்கள் வேனில் முன்னே போய்விட, என் காரில் மணியண்ணன். "மேப்பு எதுக்குலா? நான் உயிரோடதானே இருக்கேன்," என்று என் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

பெண் வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். செம்பனை மரங்களுக்கு மேலே தொட்டி தெரிந்ததும், "மூக்குக்கு வலப்பக்கம் நாப்பது!" என்று கத்தினார். அதற்குள் சாலை வேலைக்காரர்கள் காரை இடப்பக்கம் திருப்பிவிட்டார்கள். தொட்டி மறைந்தது. அவர் நிதானமாகக் காம்பஸை எடுத்தார். கார் இப்போது பார்த்த ஐம்பது டிகிரியைப் பழைய நாற்பதோடு கூட்டினார். "தொண்ணூறு. நேர் கிழக்கு. போங்க தம்பி!" திரும்புமுன் கார் பார்த்தது நூற்று நாற்பது, அதைக் கூட்டியிருந்தால் நேர் தெற்கு. இதே தப்பைச் செய்த மாணவர்களை வகுப்பைவிட்டு விரட்டியவர் அவர். அடுத்த மாநிலமான ஜொகூரின் வரவேற்புப் பலகையைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார்.

ராகு காலத்தின் நடுவில் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணியண்ணன் வாசலிலேயே நின்று, "மாப்பிள்ளை மேல தப்பு இல்லீங்க. பழைய கோணத்தோட புதுத் திசையைக் கூட்டிட்டேன். அதைச் செய்யாதீங்கடான்னு தினமும் கிளாஸ்ல கத்துறவன் நான்தான்," என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

டுரியான் துங்காலில் மணியண்ணன் வீட்டில், அவர் உடலருகே என் மனைவி தேம்பிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு வேணாம்னு சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்க நேரத்துக்கு வந்திருந்தா சொல்லியிருப்பேன். அண்ணன் பேசினதைக் கேட்டுச் சிரிச்சுட்டேன். அப்புறம் மனசு வரலை."

இத்தனை வருடம் அவள் என்னிடம் சொல்லாதது இது. எனக்கு மணியண்ணன் விட்டுப்போனது என் குடும்பம். அதற்கு நன்றி சொல்ல அவர் காலடியில் நின்றேன். கேட்க அவர் இல்லை.